உறுதிமொழிக்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை என்ன செய்வது? அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழியைச் சொல்லி முடித்த கணமே உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இனி நீங்கள் போடப்போகும் "துறப்பு" விண்ணப்பம் நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும் காகித வேலைதான். இது புரியாததால்தான், "இன்னும் துறக்கவில்லையே, பழைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்து செய்துகொள்கிறேன்" என்று பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தேதி இன்னும் தாண்டாமல் இருந்தாலும் அந்தப் பாஸ்போர்ட் உங்களுக்குப் பயண ஆவணம் இல்லை. அதைப் பயன்படுத்துவது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற, முன்பு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கான வரிசை இது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு ஆவணங்கள் ஏறக்குறைய இவையேதான். படிவம் நிரப்பும் தளமும் கட்டணமும் மாறும்.

1. பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கையில் கொடுப்பது குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றுதான். அன்றிலிருந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வரும்வரை உங்களிடம் எந்தப் பயண ஆவணமும் இருக்காது. இந்தியா போக அதன்பின் விசாவோ, ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையோ வேண்டும்.

வரிசை இதுதான்: அமெரிக்கப் பாஸ்போர்ட், அடுத்து இந்தியப் பாஸ்போர்ட் ஒப்படைப்பு (மேலே சொன்ன துறப்பு விண்ணப்பம் இதுதான்), அதன்பின் ஓசிஐ. ஒவ்வொன்றும் முந்தையதன் காகிதத்தைக் கேட்கும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண வேகத்தில் 4 முதல் 6 வாரம், விரைவுக் கட்டணம் கட்டினால் 2 முதல் 3 வாரம் என்பது வெளியுறவுத் துறையின் கணக்கு. தபாலில் போய் வரும் நாட்கள் அதில் சேராது. போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம் வரை ஆகலாம். அதன்மேல் ஒப்படைப்புக்குச் சில வாரம், ஓசிஐக்குச் சில வாரம். பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும் என்றால் அக்டோபரில் உறுதிமொழி எடுத்துவிட்டு ஓசிஐயோடு போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அப்படிப்பட்ட அவசரத்தில் ஓசிஐயைத் தள்ளிப் போட்டுவிட்டு விசா எடுத்துப் போவதே நிம்மதி. விசா விண்ணப்பமும் முன்பு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா என்று கேட்கும். ஆகவே துறப்பு வேலையை எப்படியும் முதலில் முடிப்பது நல்லது.

2. சான்றிதழைக் கைவிடும் முன் நகல் எடுங்கள்

முதல் பாஸ்போர்ட்டுக்கு டிஎஸ்-11 படிவம். பெரியவர்களுக்கு 130 டாலர், அதோடு ஏற்பு மையத்துக்கு 35 டாலர். விரைவு வேண்டுமானால் கூடுதலாக 60 டாலர். இந்த விண்ணப்பத்தோடு குடியுரிமைச் சான்றிதழின் அசலையும் அனுப்ப வேண்டும். அது பாஸ்போர்ட்டோடு வராது. தனி உறையில், வேறொரு நாளில் வரும். பாஸ்போர்ட் வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை என்று பதற வேண்டாம். ஆனால் அந்த இடைவெளியில் நோட்டரியிடம் காட்ட அசல் இருக்காது. அனுப்பும் முன்பே வண்ணத்தில் நான்கைந்து நகலும், 600 புள்ளித் தெளிவில் ஒரு ஸ்கேனும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தொலைந்தால் மாற்றுப் பிரதிக்கு என்-565 படிவம். காகிதத்தில் 555 டாலர், இணையத்தில் 505 டாலர்.

உறுதிமொழி மண்டபத்தை விட்டு வெளியே வரும் முன் சான்றிதழை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயரில் தவறு இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்துவது எளிது.

அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்ததும் முதல் வேலை அதில் கையெழுத்துப் போடுவது. கையெழுத்தில்லாத பாஸ்போர்ட்டை நகலெடுத்து அனுப்பிவிட்டு, மறுபடி எடுத்து அனுப்புவது வீண் வேலை. இன்னொன்று: இந்தியப் பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் நம்மில் பலர். அமெரிக்கக் காகிதங்களில் ஆங்கிலத்தில் போட்டுப் பழகியிருப்போம். எது இப்போதைய கையெழுத்து என்று ஒன்றைத் தீர்மானித்து, அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் தொடங்கி எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள்.

3. பெயர்: திரும்பி வரும் விண்ணப்பங்களின் வேர்

மற்ற மாநிலத்தாரைவிடத் தமிழர்களுக்கு இந்தக் கட்டத்தில் வேலை அதிகம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை, இனிஷியல் உண்டு. அதைக் கட்டத்துக்குள் அடைக்க ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒருவர். அப்பா பெயர் முருகேசன், தன் பெயர் கார்த்திகேயன். இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் என்ற கட்டத்தில் "கார்த்திகேயன் முருகேசன்" முழுதும் இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசா ஒட்டியபோது முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிட்டது, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்தது. கிரீன் கார்டும் அதே கோலத்தில் வந்தது. கடைசியில் என்-400 குடியுரிமை விண்ணப்பத்தில் சரிசெய்து, சான்றிதழில் முதற்பெயர் கார்த்திகேயன், குடும்பப் பெயர் முருகேசன் என்று ஆனது. எழுத்துகள் அதேதான், கட்டங்கள் மட்டும் வேறு. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அலுவலருக்கு இவை இரண்டு பெயர்கள்.

இதற்கு வழி இருக்கிறது. இந்திய விண்ணப்பத்தில் இந்தியப் பாஸ்போர்ட் பற்றிக் கேட்கும் இடங்களிலெல்லாம் அதில் உள்ளபடியே நிரப்புங்கள். குடும்பப் பெயர் காலி என்றால் காலியாகவே விடுங்கள். இப்போதைய பெயரைக் கேட்கும் இடத்தில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. இரண்டையும் சேர்த்து நீங்களாக ஒரு "சரியான" பெயரை உருவாக்காதீர்கள். வேறுபாட்டை விளக்கி, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பக்கப் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டு இணையுங்கள். அதில் இந்தியப் பாஸ்போர்ட் எண், அமெரிக்கப் பாஸ்போர்ட் எண், குடியுரிமைச் சான்றிதழ் எண், பிறந்த தேதி நான்கும் இருக்கட்டும்.

உறுதிமொழியின்போதே பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு நீதிமன்ற முத்திரையோடு பெயர் மாற்ற மனுவின் பிரதி ஒன்று கிடைத்திருக்கும். சான்றிதழோடு வந்த துணைத்தாள்தானே என்று பலர் எங்கோ போட்டுவிடுகிறார்கள். அதுதான் உங்கள் பெயர் மாற்றத்துக்கு ஆதாரம். இந்த வசதி நீதிமன்றத்தில் நடக்கும் விழாவில் மட்டுமே உண்டு. யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் அலுவலகத்திலேயே உறுதிமொழி எடுத்தவர்களுக்கு இல்லை.

திருமணத்துக்குப் பின் அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவை. கோயிலிலோ மண்டபத்திலோ திருமணம் முடித்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விழிக்கிறார்கள்.

எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. சுப்ரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். அப்பா பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். இந்த விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளதே இறுதி.

பிறந்த ஊருக்கும் இதே விதி. மன்னார்குடி முன்பு தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர். பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் என்று இருந்தால் நீங்களும் தஞ்சாவூர் என்றே எழுதுங்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பிறந்த நாடு மட்டும்தான் வரும், ஊர் வராது. அதை முரண்பாடாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

4. ஆவணக் கட்டு

கடைசியாக வைத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட்டின் அசல். தேதி முடிந்திருந்தாலும் அதுதான் வேண்டும்.

அதன் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், ஏதாவது குறிப்பு எழுதப்பட்ட பக்கங்கள் ஆகியவற்றின் நகல். குறிப்புப் பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் விவரப் பக்க நகல், குடியுரிமைச் சான்றிதழின் நகல்.

முகவரிச் சான்று: ஓட்டுநர் உரிமம் அல்லது மின்சார, தண்ணீர் ரசீது. எந்தத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தும் உரிமத்தை மாற்றாமல் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

2 அங்குலத்துக்கு 2 அங்குலம் அளவில் புகைப்படங்கள். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி வேண்டாம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு எடுக்கும்போதே கூடுதலாக நான்கு பிரதி வாங்கிக்கொண்டால் பிறகு ஓசிஐக்கும் உதவும்.

பெயர் மாறியிருந்தால் மேலே சொன்ன ஆதாரம். தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் தளத்தில் அச்சிடும் சரிபார்ப்புப் பட்டியல், கையெழுத்துடன்.

5. நோட்டரி

குடியுரிமைச் சான்றிதழின் மேலேயே, சட்ட அனுமதியின்றி நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்ததும் சில நோட்டரிகள் கையை எடுத்துவிடுவார்கள். சட்டத்துக்கு உட்பட்ட தேவைக்காக நகலெடுப்பதைத் தடுக்கும் வாசகமல்ல அது. தூதரக வேலைக்கு நகல் எடுப்பது தவறில்லை.

இன்னொரு சிக்கல் மாநிலச் சட்டம். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் நோட்டரிக்கு "இது உண்மை நகல்" என்று சான்றளிக்கும் அதிகாரம் கிடையாது. மாட்டேன் என்று அவர் சொன்னால் வாதிட்டுப் பயனில்லை. பதிலாக, "இணைத்திருப்பது என்னிடமுள்ள அசலின் உண்மையான, மாற்றப்படாத நகல்" என்று நீங்களே ஒரு தாளில் எழுதி, அவர் முன்னிலையில் உறுதி கூறிக் கையெழுத்துப் போடுங்கள். அவர் உங்கள் கையெழுத்துக்கு மட்டும் சான்றளிப்பார். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். அவர் கண் முன்னால் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. பல வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே செய்து தருகின்றன. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

6. படிவம்: இரண்டு தளங்கள், ஒரே ஆள்

முதலில் இந்திய அரசின் தளத்தில் துறப்பு அறிவிப்பை, அதாவது படிவம் 22ஐ நிரப்ப வேண்டும். அது ஒரு கோப்பு எண் தரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு விஎஃப்எஸ் தளத்தில் தனியாகக் கணக்குத் தொடங்கி, அங்கே இன்னொரு விண்ணப்பத்தை நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். ஒன்றை மட்டும் முடித்துவிட்டு எல்லாம் ஆயிற்று என்று அனுப்புபவர்கள் உண்டு. கட்டு அப்படியே திரும்பும்.

உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமைத் தளம் வேறு, வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவைத் தளம் வேறு. சில நாடுகளில் ஒப்படைப்புச் சான்றிதழுக்கு இரண்டாவதைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பிய இணைப்பில் நீங்கள் நிரப்பிக்கொண்டிருக்கக் கூடாது. விஎஃப்எஸ்ஸின் அமெரிக்கப் பக்கத்தில் உங்கள் தூதரகத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே தரும் இணைப்பின் வழியாகவே போங்கள். அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்றுதான் முடியும். தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் தரகர்களுடையவை.

நிரப்பும்போது மூன்று இடத்தில் கவனம்.

தேதி. இந்தியப் படிவத்தில் நாள் முன்னே, மாதம் பின்னே. மார்ச் 4ஐ அமெரிக்கப் பழக்கத்தில் 03/04 என்று எழுதினால் அது ஏப்ரல் 3 ஆகிவிடும். 12க்கு மேற்பட்ட நாளாக இருந்தால் படிவமே தவறு என்று சொல்லும். 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். கண்டுபிடிப்பது கடைசியில் அலுவலர்தான்.

குடியுரிமை பெற்ற நாள். இது உறுதிமொழி எடுத்த நாள். நேர்காணலில் தேறிய நாளும் அல்ல, அமெரிக்கப் பாஸ்போர்ட் வழங்கப்பட்ட நாளும் அல்ல. சான்றிதழின் கீழ்ப்பகுதியில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

பாஸ்போர்ட் வழங்கிய இடம். முதல் பாஸ்போர்ட்டைத் திருச்சியிலோ மதுரையிலோ எடுத்திருப்பீர்கள். ஆனால் அமெரிக்கா வந்தபின் புதுப்பித்திருந்தால் வழங்கிய இடம் ஹூஸ்டன், சிகாகோ என்று இருக்கும். நினைவிலிருந்து எழுதாமல் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.

துறப்பதற்கான காரணத்தைக் கேட்கும் இடத்தில் கதை எழுத வேண்டாம். "அமெரிக்கக் குடியுரிமை பெற்றதால்" என்பதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதினால் போதும்.

7. எந்தத் தூதரகம்?

வாஷிங்டனில் தூதரகம், நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் முதலிய ஊர்களில் துணைத் தூதரகங்கள். சியாட்டில் புதியது. வாஷிங்டன் மாநிலம், ஓரிகன் எல்லாம் முன்பு சான்பிரான்சிஸ்கோவின் கீழ் இருந்தன. அந்தக் காலத்துப் பதிவுகளைப் படித்துவிட்டு அங்கே அனுப்பாதீர்கள். விஎஃப்எஸ் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தால் சரியான மையம் தானே வரும்.

8. பணம்

ரசீதில் பல வரிகள் இருக்கும்: தூதரகக் கட்டணம், இந்தியச் சமுதாய நலநிதிக்கான சிறு தொகை, விஎஃப்எஸ் சேவைக் கட்டணம், கூரியர். மொத்தத்தைத் தளமே கூட்டிக் காட்டும். கூரியரை இருவழிக்கும் அங்கேயே வாங்கிவிடுவதுதான் என் பரிந்துரை. தனியாக உறை வாங்கி ஒட்டுவதில் ஐந்து பத்து டாலர் மிச்சமாகலாம், ஆனால் தொலைந்தால் யாரைக் கேட்பது என்பதே புதிராகிவிடும்.

இதன்மேல் அபராதம் விழும் இடங்கள் மூன்று. குடியுரிமை பெற்ற பின்னும் இந்தியப் பாஸ்போர்ட்டை மூன்று ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்திருப்பது, அதில் பயணம் செய்தது (ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக), அதைப் புதுப்பித்தது. பயணத்தை மறைக்க முடியாது. சென்னை விமான நிலையத்தில் குத்திய குடியேற்ற முத்திரை அந்தப் பாஸ்போர்ட்டிலேயே இருக்கும், உங்கள் உறுதிமொழித் தேதி சான்றிதழில் இருக்கும். ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

9. அனுப்புதல்

தபாலிலும் அனுப்பலாம், மையத்தில் நேரிலும் கொடுக்கலாம். பக்கத்தில் மையம் இருந்தால் நேரில் போவது மேல்; ஏதாவது குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தபாலில் அனுப்புபவர்கள் கட்டை மூடும் முன் ஒவ்வொரு தாளையும் வரிசையாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம், தனித்தனி நகல்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று எதுவும் கிடையாது.

"கூடுதல் ஆவணம் தேவை" என்று மின்னஞ்சல் வந்தால் கேட்டதை மட்டும் அனுப்புங்கள். பதற்றத்தில் பத்து காகிதத்தைச் சேர்த்து அனுப்பினால் அதில் ஒன்றில் பெயர் வேறு மாதிரி இருக்கும். அதுவே அடுத்த கேள்வியாகும்.

10. பிள்ளைகள்

அமெரிக்காவில் பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட் என்றுமே எடுக்காத குழந்தைக்கு இந்த வேலையே இல்லை. நேராக ஓசிஐக்குப் போகலாம்.

இந்தியாவில் பிறந்து, கிரீன் கார்டோடு உங்களுடன் வசிக்கும் 18 வயது நிரம்பாத பிள்ளை, நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே சட்டப்படி அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ ஆகிவிடுகிறது. ஆகவே அதன் இந்தியப் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும். பெற்றோர் தங்களுடையதை முடித்துவிட்டுப் பிள்ளையுடையதை மறந்து, அதில் ஊருக்கும் கூட்டிப்போய் வருவது அடிக்கடி நடக்கிறது. பிறகு பிள்ளைக்கு ஓசிஐ போடும்போதுதான் அது தெரியவரும்.

பிள்ளைக்குத் தனிக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்க என்-600 படிவம் உண்டு. காகிதத்தில் 1,385 டாலர். ஒப்படைப்புக்காக மட்டும் அவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 100 டாலரும் 35 டாலரும் கட்டி அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து, அதோடு பெற்றோரின் சான்றிதழ் நகலையும் பிறப்புச் சான்றிதழையும் வையுங்கள். குடியுரிமை பெற்ற நாள் என்ற இடத்தில் பெற்றோரின் உறுதிமொழி நாள் வரும். தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இந்தியாவில் இருந்தால் அவருடைய சம்மதப் பத்திரத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

"பிள்ளை 18 வயதானதும் வேண்டுமானால் இந்தியக் குடியுரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது சட்டத்தின் 8(2) பிரிவு. பெற்றோர் தாமாக அறிவித்துத் துறந்த குடும்பங்களுக்கு உரியது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்கீழ் தானாகவே இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நிலை இரண்டாவதுதான்.

11. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால்

உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். எப்போது, எப்படித் தொலைந்தது, கிடைத்தால் ஒப்படைப்பேன் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தயாரிக்க வேண்டும். எண் நினைவில் இல்லையா? பழைய விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, கிரீன் கார்டுக் கோப்பு, ஊரில் வங்கிக் கணக்கு தொடங்கக் கொடுத்த நகல் என்று எதிலாவது இருக்கும். நகல் ஒன்று கிடைத்துவிட்டால் வேலை பாதி குறைந்த மாதிரி.

12. கைக்கு வந்ததும்

துறப்புச் சான்றிதழும், ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டும் திரும்பி வரும். சான்றிதழில் பெயர், எண், தேதி மூன்றையும் அன்றே சரிபாருங்கள். ரத்தான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் இந்திய வம்சாவளி என்பதற்கு அதுவே நேரடி ஆதாரம். உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் வரை ஓசிஐ கேட்கும்போது அதைத்தான் தேடுவார்கள்.

ஓசிஐக்கு அரசுக் கட்டணம் 275 டாலர். சேவைக் கட்டணமும் கூரியரும் தனி. பதிவேற்றும் கோப்புகளுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் அளவு தாண்டிவிடும், வண்ணத்தைக் குறைத்துச் சுருக்குங்கள். கையெழுத்துப் படம் அகலம் மூன்று பங்கு, உயரம் ஒரு பங்கு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புப் பேனாவால் போட்டுப் படமெடுங்கள். அட்டை கிடைத்த பின், 20 வயது வரை ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும், 50 வயது நிறைந்த பின் ஒருமுறையும், புதுப் பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் இணையத்தில் இலவசமாகப் பதிவேற்ற வேண்டும்.

13. ஊரில் மாற்ற வேண்டியவை

வங்கி. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகள் தொடரலாம். புதிய பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களைக் கொடுத்து விவரங்களைப் புதுப்பித்தால் போதும். இன்னும் சாதாரணச் சேமிப்புக் கணக்கையே வைத்திருந்தால் அது வேறு பிரச்சினை, உடனே மாற்றுங்கள். பான் எண் அதேதான். குடியுரிமை விவரத்தை மட்டும் திருத்த வேண்டும்.

வாக்காளர் பட்டியல். இனி உங்களுக்கு வாக்குரிமை இல்லை. பெயரை நீக்க படிவம் 7 கொடுக்க வேண்டும். வீட்டில் யாராவது "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பார்கள், இருக்கக் கூடாது.

ஆதார் இந்தியக் குடியுரிமைக்கு ஆதாரம் அல்ல. அதைக் காட்டி விமான நிலையத்தில் எதையும் சாதிக்க முடியாது.

நிலம். வீடு, அடுக்ககம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பாவின் நஞ்சை அவர் காலத்துக்குப் பின் வாரிசாகவோ உயில் மூலமோ வந்தால் வைத்துக்கொள்ளலாம், பட்டாவும் மாற்றலாம். ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே உங்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைப்பது கூடாது. விவசாய நிலத்தைப் பரிசாகப் பெற ஓசிஐக்காரருக்கு அனுமதி இல்லை. ஊரில் பத்திரம் எழுதுபவர் இதைக் கேட்கமாட்டார், பதிவாகிவிடவும் செய்யும். வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப் பிரச்சினையாக அது வெளியே வருவது பிறகு விற்கப்போகும்போது. அப்பா எழுதிவைக்க விரும்பினால் உயிலாக எழுதச் சொல்லுங்கள்.